காசும் காசுக்குப் பதிலும்

(சங்க மண்டபத்தில் நிகழ்ந்த மாதக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் காசைப் பற்றியதன்று. காசுக்குப் பதிலாக நின்று காசின் வேலையைச் செய்யும் பொருள்களைப் பற்றியது. கடையிலே விற்கும் பரிசு அட்டை, தொழிலாளிக்குக் கொம்பனி கொடுக்கும் வவுச்சர், ஒரு காலத்திற் சுரங்கங்களில் வழங்கிய உலோக வில்லை, நமது மலைநாட்டுத் தோட்டங்களில் வழங்கிய துண்டு என்பன யாவும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். இவற்றுள் நல்ல பிள்ளையும் உண்டு; பொல்லாத பிள்ளையும் உண்டு. எது எத்தகையது என்று அறிவதற்குச் சிறிது வரலாறு வேண்டும். ஆதலின் கொஞ்சத் தூரம் சுற்றி வருவோம், பொறுத்தருள்க.

முதலிற் காசு என்பது என்ன செய்கின்றது என்று பாருங்கள். ஒருவர் கையில் ஒரு நூறு ரூபாத் தாள் இருக்கின்றது. அஃது அவருக்கு யாரால் வந்தது என்று கடைக்காரர் கேட்பதில்லை. பருத்தித்துறையில் உழைத்த தாளைப் பண்டாரவளையில் மாற்றலாம். அரிசி வாங்கலாம், புகைவண்டிச் சீட்டு வாங்கலாம், ஒன்றும் வாங்காமற் பெட்டியில் வைத்திருக்கலாம். வேலை கொடுத்தவரோடு மனம் ஒவ்வாது போனால், ஒருவருக்கும் சொல்லாமல் வேறிடம் போவதற்கு வழிச்செலவாகவும் கொள்ளலாம். இந்தக் கடைசிச் சுதந்திரத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி நாம் சொல்லப்போகும் கதைகளில் அதுதான் அடிக்கடி களவு போகின்றது.

வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த அங்கிள்சீ என்னும் தீவிலே பாரிஸ் என்றொரு மலை உண்டு. பிரான்சு நாட்டுத் தலைநகரோடு அதற்குத் தொடர்பில்லை. அம்மலையில் பெரிய செம்புச் சுரங்கம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய அரசின் நாணயசாலை சில்லறைச் செம்புக் காசு அடிப்பதைப் பல ஆண்டுகளாக நிறுத்தி வைத்திருந்தது. ஆலைகளும் சுரங்கங்களும் பெருகிவரும் காலம். கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. கிடைத்த சில்லறையிலும் கள்ளக் காசு மலிந்திருந்தது. 1787இல் பாரிஸ் சுரங்கக் கொம்பனி தன் செம்பிலே தானே ஒரு பென்னி வில்லைகளை அடித்து வெளியிட்டது. ஒரு புறத்திலே பண்டைய துருயிட் குரு ஒருவரின் தலை; விளிம்பிலே லண்டன், லிவர்பூல், அங்கிள்சீ என்னும் மூன்றிடங்களிலும் கேட்டவுடன் பணம் தரப்படும் என்ற வாசகம். நல்ல செம்பு, சரியான எடை. சனங்கள் அரச காசைக் காட்டிலும் அதனை விரும்பி வாங்கினர். வேறு முதலாளிகளும் பின்பற்றினர். 1817இல் அரசு சட்டம் இயற்றித் தனியார் வில்லைகளை நிறுத்தியது.

இதனை ஏன் முதலிற் சொன்னோம் எனின், தனியார் வெளியிட்ட காசு என்பதனாலேயே ஒன்று கெட்டதாகிவிடாது என்பதற்காகவே. கேட்டவுடன், கேட்டவர் எவராயினும், மூன்று ஊர்களில் மாற்றித் தருவோம் என்று சொன்ன வில்லை அது. அந்த வாசகத்தை எடுத்துவிட்டால் என்ன நிகழும் என்பதை அதே நாட்டு வரலாறே காட்டுகின்றது.

இங்கிலாந்தில் ட்ரக் முறை என்றொரு வழக்கம் இருந்தது. பாரவண்டியை எண்ண வேண்டாம். பண்டமாற்று என்னும் பொருளுடைய பழைய சொல் அது. கூலியைக் காசாகத் தராது பண்டமாகவோ, முதலாளியின் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகவோ தருவது அம்முறை. அக்கடைகளை டொமிக் கடை என்றனர். பிற்காலத்திற் பிரதம மந்திரியாக வந்த டிஸ்றேலி 1845இல் எழுதிய ‘சிபில்’ என்னும் நாவலிலே இக்கடையின் அலங்கோலம் விரிவாக வருகின்றது. கூலியை நாட்டின் செல்லுபடியான நாணயத்திலேயே கொடுக்க வேண்டும் என்று 1831இல் ட்ரக் சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் நாவலாசிரியருக்கு அது கதைப்பொருளாக இருந்தது என்றால், சட்டம் எவ்வளவு தூரம் நடந்தது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆயினும் இவ்வழக்கம் முழு உருவம் கொண்டது ஐக்கிய அமெரிக்காவின் நிலக்கரி நாட்டிலேதான். மேற்கு வேர்ஜீனியா, கென்ரக்கி முதலிய மாகாணங்களின் மலையிடுக்குகளிற் சுரங்கம் தோண்டிய கொம்பனிகள், அங்கே ஊரே இல்லாதபடியால் ஊரையும் தாமே கட்டின. வீடு கொம்பனியினுடையது, கடை கொம்பனியினுடையது, வைத்தியரும் கொம்பனி நியமித்தவர். சம்பளநாள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ வரும். அதற்கு இடையிலே மாவும் உப்பும் தீர்ந்துபோனால் தொழிலாளி காரியாலயத்துக்குப் போய், தான் ஏற்கெனவே உழைத்துவிட்ட கூலியின்மேல் முன்பணம் கேட்பான். கணக்குப்பிள்ளை அவன் இலக்கத்துக்கு நேரே தொகையை எழுதிக்கொண்டு உலோக வில்லைகளை எண்ணிக் கொடுப்பார். பித்தளையிலும் வெள்ளை உலோகத்திலும் செய்த வில்லைகள். நடுவிலே கொம்பனியின் எழுத்துப் போன்ற துவாரம். ஓரத்திற் கொம்பனியின் பெயர். இவ்வில்லைகளைச் செய்து விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் ஓகையோ மாகாணத்தில் இருந்தன என்றால் வழக்கத்தின் பரப்பை அறியலாம்.

சம்பளநாள் வரும்போது கணக்குச் சீட்டைப் பார்த்தால், வாங்கிய வில்லைக்கு ஒரு கழிவு, வீட்டு வாடகைக்கு ஒரு கழிவு, வைத்தியருக்கு ஒரு கழிவு, பாறை பிளக்கும் வெடிமருந்துக்கும் ஒரு கழிவு. எஞ்சியதைக் காசாகத் தருவர், எஞ்சினால். வில்லையை வெளிக்கடையிற் கொண்டுபோனால் வெளிக்கடைக்காரன் முகமதிப்பைக் குறைத்தே வாங்குவான். அவன் அதனை மாற்றப் படும் பாட்டுக்கு அஃது ஈடு.

இவ்விடத்திலே ஒரு நியாயம் சொல்லிவிட்டே அப்பாற் செல்ல வேண்டும். கொம்பனிக் கடைகள் எல்லாம் கொள்ளை விலை விற்றன என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்கப் பொருளியல் வரலாற்றாசிரியர் பிறைஸ் ஃபிஷ்பாக் அக்கால விலைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, பல இடங்களிற் கொம்பனிக் கடை விலை அயலிலுள்ள கடை விலையோடு பெரிதும் வேறுபடவில்லை என்று காட்டியிருக்கின்றார். தொழிலாளி வேறு சுரங்கத்துக்குப் போய்விடுவான் என்ற பயம் முதலாளிக்கும் இருந்தது என்பது அவர் வாதம். நாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும் விலை ஒன்றே இங்கு வழக்கன்று. வேலைநிறுத்தம் வந்த காலத்தில் வீடும் கடையும் கடனும் ஒரே கையில் இருந்தன. வில்லை வைத்திருந்தவனுக்கு அடுத்த ஊர் வரை செல்லப் புகைவண்டிக் கூலி இல்லை. மாவின் விலை நியாயமாக இருந்தது என்பது அவனுக்கு என்ன ஆறுதல்? 1938இல் வந்த நியாயத் தொழில் நியமச் சட்டத்தின் கீழ், குறைந்தபட்சக் கூலியைக் காசாகவோ தடையின்றிக் காசாக்கக்கூடிய பத்திரமாகவோ கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னும் சில இடங்களில் வில்லை முன்பணமாக நெடுங்காலம் தொடர்ந்தது.

மெக்சிக்கோவிலே இது இரத்தம் சிந்தி முடிந்தது. 1907ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் றியோ பிளாங்கோ என்னும் நெசவாலை ஊரில், வேலைக்குத் திரும்ப மறுத்த தொழிலாளர் கொம்பனிக் கடையைத் தாக்கித் தீயிட்டனர். படை வந்தது, பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பத்தாண்டுகளின் பின் 1917இல் அந்நாடு எழுதிய அரசியலமைப்பில் 123ஆம் உறுப்புரை, கூலியைப் பண்டமாகவோ சீட்டாகவோ வில்லையாகவோ கொடுத்தல் ஆகாது என்று விதித்தது. அது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2008இல் வால்மார்ட் என்னும் பெரிய கடை நிறுவனத்தின் மெக்சிக்கோக் கிளை, தொழிலாளர் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தன் கடையில் மட்டும் செல்லும் வவுச்சராகக் கொடுத்தது பற்றிய வழக்கிலே, அந்நாட்டு உயர்நீதிமன்றம் இதே உறுப்புரையைக் காட்டி அது செல்லாது என்று தீர்த்தது. அந்த வவுச்சருக்கும் பழைய வில்லைக்கும் உள்ள வேறுபாடு, ஒன்று கடதாசி, மற்றது பித்தளை என்பது மட்டுமே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பி செழித்த காலத்தில், கொழும்பிலிருந்த கோப்பிச் சாலைகளிற் கொட்டை தெரிந்தெடுக்கும் பெண்களுக்குக் கொம்பனிகள் தம் பெயர் பொறித்த வில்லைகளை வழங்கின. பழைய நாணயம் சேர்ப்போரிடத்தில் இன்றும் அவற்றைக் காணலாம். ஆனால் நம்மவர் வாழ்வைப் பிணித்தது வில்லை அன்று, துண்டு.

துண்டு என்பது நம் சொல். அச்சொல்லையே ஆங்கிலேயர் தம் அறிக்கைகளிலும் சட்டங்களிலும் அப்படியே எடுத்தாண்டனர். கங்காணி தமிழ்நாட்டுக் கிராமங்களிலே முன்பணம் கொடுத்து ஆட்களைச் சேர்த்து வருவார். வழிச்செலவு, துணி, அரிசி, கலியாணச் செலவு, சாவுச் செலவு எல்லாம் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு மற்றத் தோட்டத்துக்குக் கங்காணி தன் ஆட்களோடு போக விரும்பினால், துரை ஒரு கடதாசித் துண்டு எழுதிக் கொடுப்பார்: இத்தனை ரூபாக் கடனைக் கட்டினால் இக்கங்காணியையும் இத்தனை ஆட்களையும் விடுவிப்பேன் என்பது அதன் சாரம். கங்காணி அதனைக் கையிலெடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாகப் போவார். ஆள் வேண்டிய துரை பழைய கடனைக் கட்டித் துண்டை மீட்பார். கட்டிய தொகை புதிய தோட்டத்திலே அந்த ஆட்களின் பேரில் ஏறும். மேலே கொஞ்சம் கூட்டிக் கேட்பதும் உண்டு. ஆட்கள் தட்டுப்பாடான காலங்களில் துண்டின் தொகை வீங்கிக்கொண்டே போயிற்று.

கூர்ந்து பாருங்கள். அது கைமாறும் பத்திரம்; அதற்கு விலை உண்டு; வாங்குவோர் போட்டி உண்டு. காசு செய்யும் வேலை பலவற்றை அது செய்தது. அந்தக் காசுக்கு ஈடாக வைக்கப்பட்டது பொன்னன்று, வெள்ளியன்று. பெயர்ப் பதிவிலுள்ள ஆணும் பெண்ணும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு ஏற்பாடும் வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையை ஆளின் கழுத்திற் கட்டி அனுப்புவர். வழிச்செலவைத் தோட்டத்துக் கணக்கில் எழுதிக்கொள்வர். கொள்வோன் கையில் இருக்க வேண்டிய சீட்டு இங்கே கொள்ளப்படுவோன் கழுத்தில் இருந்தது. துண்டு முறையை 1921இல் இயற்றப்பெற்ற கட்டளைச் சட்டம் ஒழித்தது. சம்பளத்தைச் செல்லுபடியான நாணயத்தில், தொழிலாளியின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பதை 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் உறுதி செய்தது. உலக அளவில் சர்வதேசத் தொழில் நிறுவனம் 1949இல் ஏற்றுக்கொண்ட 95ஆம் இலக்கச் சமவாயமும், கூலியை வவுச்சராகவோ கூப்பனாகவோ கொடுத்தலைத் தடுக்கின்றது. இச்சட்டங்களின் வரிகள் வறண்டவை. அவற்றுக்குக் கீழே எத்தனை பேரின் கடன் கணக்கு இருக்கின்றது என்று அறிந்தால் வறட்சி தெரியாது.

இவ்வளவும் கேட்ட இளைஞர் ஒருவர், அரசாங்கத்தின் காசன்றி மற்றெல்லாம் வஞ்சனை என்று எழுந்து சொல்லக்கூடும். அவருக்காக அயர்லாந்துக் கதை ஒன்றைச் சொல்வோம். 1970ஆம் ஆண்டு மே மாதம் முதல் நவெம்பர் நடுப்பகுதி வரை, ஆறரை மாதம், அந்நாட்டின் பெரிய வங்கிகள் தொழிற்பிணக்கினால் மூடிக்கிடந்தன. நாடு நின்றுவிடவில்லை. சனங்கள் காசோலை எழுதிக் கொடுத்தனர். வாங்கியவர் அதன் பின்புறத்திற் கையெழுத்திட்டு இன்னொருவருக்குக் கொடுத்தார். வங்கி எப்போது திறக்கும் என்று தெரியாது. காசோலைக்குப் பின்னாற் பணம் உண்டோ என்றும் தெரியாது. ஊர்க் கடைக்காரரும் மதுச்சாலைக்காரருமே அவற்றை மாற்றிக் கொடுத்தவர்கள். யார் நாணயமானவர், யார் அல்லர் என்பது அவர்களுக்குத் தெரியும். நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருளும் இருப்பது எவ்வளவு பொருத்தம்! நமது கிராமக் கடைகளிலே கடன் கொப்பி வைத்திருந்த பெரியவர்களும் இதே அறிவுடையவர்களே. அந்தக் கொப்பியில் எழுதப்பட்டவர், விரும்பினால் அடுத்த மாதம் அடுத்த தெருக் கடைக்குப் போகலாம். சுரங்கத்துத் தொழிலாளிக்கு அடுத்த தெரு இல்லை.

அரசு தரும் பதிற்காசும் உண்டு. போர்க்காலத்திற் சில்லறைக்கு உலோகம் கிடையாதபோது 1942இல் இங்கே ஐந்து சதத்துக்குக் கடதாசித் தாள் அடித்தனர்; நடுவிலே துளைக்கோடு; கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம். அது சுவையான செய்தி என்பதற்காகச் சொன்னோம். சுவையில்லாத செய்தி உணவு முத்திரை. நெடுங்காலம் நடந்த அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக 1979இல் அரசு உணவு முத்திரைகளை வழங்கியது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு அவை உரியன. பங்கீட்டிற் கிடைத்தது அரிசியின் அளவு. முத்திரையில் அச்சிடப்பட்டது ரூபாவின் அளவு. விலை ஏறியது, முத்திரை ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழ அரைவாசி தேய்ந்து போயிற்று. ஒருவரும் முத்திரையைப் பறிக்கவில்லை. சட்டம் ஒன்றும் மாறவில்லை. ஆயினும் சட்டியில் அரிசி குறைந்தது. பதிற்காசு வாங்குவோர், அதிலே எழுதியிருப்பது பண்டமா தொகையா என்று முதலிற் பார்க்க வேண்டும். 2022 செத்தெம்பரிலே கொழும்பு விலைச்சுட்டி ஓராண்டில் 70 சதவீதத்தை அண்டி ஏறியதைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனிப் பரிசு அட்டை. முன்னர் கடைகள் கடதாசியிற் பரிசுச் சீட்டு விற்றன. 1990களில் அமெரிக்காவிலே அது பிளாஸ்டிக் அட்டையாயிற்று. இன்று தொலைபேசியில் வரும் இலக்கமாகவும் ஆகிவிட்டது. கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் கொடுக்க வசதியானது; காசை உறையிலிட்டுக் கொடுக்கக் கூசுபவர்களுக்குக் கௌரவமானது. இதில் யாரையும் கட்டாயப்படுத்துவோர் இல்லை. ஆதலின் இதனைத் துண்டோடு ஒப்பிட்டுப் பேசுவது மிகை என்போம். ஆனால் கணக்கைப் பாருங்கள். அட்டை வாங்கியவர் காசை இன்றே கொடுத்துவிடுகின்றார், பண்டம் பின்னர். இடையிலே அவர் கடைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர். ஸ்டார்பக்ஸ் என்னும் கோப்பிக் கடை நிறுவனத்திடம் இவ்வாறு வாடிக்கையாளர் முன்கூட்டிச் செலுத்திச் செலவிடாத பணம் 150 கோடி டொலருக்கு மேல் என்று அதன் அண்மைய ஆண்டறிக்கைகள் கூறுகின்றன. அதில் ஒரு பகுதி ஒருபோதும் கேட்கப்படாது. அலுமாரியில் மறந்து கிடக்கும் அட்டை, எழுபது ரூபா மீதியுள்ள அட்டை, காலாவதியான அட்டை ஆகியவற்றை எல்லாம் கூட்டிக் கணித்து நிறுவனங்கள் வருமானமாக எழுதிக்கொள்கின்றன. பரிசு அட்டைகள் ஐந்து ஆண்டுக்கு முன் காலாவதியாகக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் செய்தது 2009இல்.

கடை முறிந்தால் அட்டை வைத்திருப்பவர் கடன்காரர் வரிசையில் கடைசியில் நிற்பவர். பிரித்தானியாவில் 2013 சனவரியில் எச்.எம்.வி. என்னும் இசைத்தட்டுக் கடை நொடித்தபோது பரிசு அட்டைகளை ஏற்கமாட்டோம் என்று முதலில் அறிவித்தனர். சனங்கள் கொதித்தெழுந்த பின்னரே ஏற்றனர். அதனினும் துயரமானது 2006இல் முறிந்த ஃபேர்பாக். மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கட்டினால் நத்தாருக்குப் பண்டப் பொதியும் கடை வவுச்சரும் தரும் நிறுவனம் அது. நமது சீட்டுப் பிடிப்பது போன்றதே. கட்டியோரிற் பெரும்பாலோர் வங்கியில் மிச்சம் பிடிக்க இயலாத ஏழைத் தாய்மார். நத்தாருக்கு இரண்டு மாதமிருக்க நிறுவனம் விழுந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கட்டிய ஏறத்தாழ 3 கோடி 70 லட்சம் பவுண் அகப்பட்டுக்கொண்டது. ஆண்டுகள் பல கடந்து ஒரு பகுதியே திரும்பிற்று. காசைக் கையில் வைத்திருந்தால் செலவாகிவிடும் என்று பயந்தே அவர்கள் அங்கே கட்டினார்கள்.

இன்னொன்றையும் முதியோருக்குச் சொல்லிவைக்க வேண்டும். வரிப் பகுதி என்றும் வங்கி என்றும் தொலைபேசியில் மிரட்டி, பரிசு அட்டை வாங்கி அதன் இலக்கத்தைச் சொல்லுமாறு கேட்கும் மோசடி பல நாடுகளில் நடக்கின்றது. எந்த அரசாங்கமும் தன் வரியைப் பரிசு அட்டையில் வாங்குவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பெற்றோருக்கும் இதனைச் சொல்லுங்கள்.

இப்பொருளை இன்று எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நமது சங்கத்தின் மாணவர் உதவி நிதியிலிருந்து தவணைதோறும் கொடுக்கும் பணத்தை இனிமேல் ஒரு கடையின் பரிசுச் சீட்டாகக் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கின்றது. காசாகக் கொடுத்தால் பிள்ளைக்குப் போய்ச் சேராது, வீட்டிலே வேறு வழியிற் கரைந்துவிடும் என்பது யோசனைக்காரரின் கவலை. அக்கவலை பொய்யன்று, சில வீடுகளை நாமும் அறிவோம். ஆயினும் பிள்ளைக்கு இந்தத் தவணை வேண்டியது கொப்பியோ, கண்ணாடியோ, பஸ் காசோ என்பதை அறிந்தவள் அதன் தாய். கடைக்காரர் அல்லர், நாமும் அல்லோம். பத்து வீடுகளில் ஒரு வீடு கெட்டது என்பதற்காக ஒன்பது தாய்மாரின் கையைக் கட்டலாமா? அன்றியும் கடை வாசலிலே அந்தச் சீட்டை நீட்டும் பிள்ளையை, பின்னால் நிற்கும் வகுப்புத் தோழன் பார்ப்பான்.

சீட்டுத்தான் என்று சபை தீர்மானித்தால், ஒரு கடைக்கு மட்டும் உரியதாக இராது ஊரிலுள்ள மூன்று நான்கு கடைகளிலாவது செல்ல வேண்டும், காலக்கெடு இருத்தலாகாது, மீதியைக் காசாகத் திருப்ப வேண்டும், கடைக்குக் கட்டும் பணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கொடாமல், சீட்டுகள் வந்தபின் எண்ணிக் கொடுக்க வேண்டும். பெயரோ சங்கத்து முத்திரையோ அதிற் பெரிதாகத் தெரிய வேண்டாம். உறுதியாகக் கெட்டுப்போன வீடு என்று தெரிந்தால், அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆசிரியர் ஒருவர் மூலம் பொருளாக வாங்கிக் கொடுக்கலாம். நமது வாக்கு காசுக்கே. பொருளாளரும், இந்நிதியிற் படித்து இன்று உத்தியோகத்தில் இருக்கும் உறுப்பினர்களும் இங்கே இருக்கின்றார்கள். தேநீருக்குப் பின் அவர்கள் பேசுவதைக் கேட்க விரும்பி அமர்கின்றோம்.